ஏழு விரல் உயரத்தில் சாமிப்புகை

பாக்கியம், தெரியும் தெரியும், நம் மலைக்கு மேலே நிற்கிற சாமிப்புகை உன் ஊரிலும் தெரியும், ஏனென்றால் அது புகையே இல்லை, மலைக்குச் சொந்தமானதும் இல்லை, அது நட்சத்திரக் கூட்டம் அம்மாடி, கோடி கோடியாக!

இதை எழுதுகிற வேகத்தில் இரண்டு தரம் பேனா முள் தாளைக் குத்திவிட்டது. உன் அம்மா அடுப்படியிலிருந்து, "கடுதாசியா எழுதுறீங்க, காடு வெட்டுறீங்களா?" என்கிறாள். உன்னிடமிருந்து இன்னும் ஒரு வரிகூட வரவில்லை. மண்டபம் முகாமிலேயே வைத்திருக்கிறார்களா, மணப்பாறைப் பக்கம் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்களா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் உன் கடிதம் வரட்டும் என்று காத்திருக்க என்னால் முடியவில்லை. ஊர் விலாசத்துக்கே அனுப்புகிறேன். நீ இதை உன் மாமியார் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர்கள் நம் மலைநாட்டைப் பார்க்காதவர்கள், அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் ஒன்றுவிடாமல் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் சாமிப்புகை. எங்கள் தோட்டம் நோர்ட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்து வாசலிலிருந்து கொஞ்சம் இறங்கினால், கீழ்க்கணக்கு என்கிற கீழ்ப் பிரிவுத் தேயிலைக்குள் ரோடு ஒரு வளைவு வளையும். அந்த வளைவில் நின்று தெற்கே பார்த்தால் சிவனொளிபாதமலை, கூம்பு மாதிரி, வேறு எந்த மலையும் மறைக்காமல் நிற்கும். மலைக்கு ஆட்கள் ஏறுகிற காலத்தில் படி நெடுக விளக்குகள் சரம் சரமாய்த் தெரியும். சிவராத்திரி அன்றைக்கு இருட்டின பிறகு லயத்து சனம் முழுக்க அந்த வளைவுக்குப் போகும். நிலா இல்லாத ராத்திரி. மலை உச்சிக்கு நேர் மேலே, வானத்தில், கையகலத்துக்கு வெள்ளையாய் ஒரு புகை மாதிரி மங்கலாக நிற்கும். அதுதான் சாமிப்புகை. உச்சியில் சாமி பாதத்துக்கு ஏற்றுகிற கர்ப்பூரமெல்லாம் சேர்ந்து மேலே போய் நிற்கிறது என்று எங்கள் அப்பா சொன்னார், அவருக்கு அவர் அப்பா சொன்னார். நாங்கள் கும்பிடுவோம். தேங்காய் உடைப்போம். குளிர் எலும்புக்குள் இறங்கும், பிள்ளைகள் அழும், உடனே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோயிலுக்கு ஓடி வந்து நெருப்பு மூட்டி உட்கார்ந்துவிடுவோம். இத்தனை வருஷத்தில் அங்கே நின்று அந்தப் புகை அப்புறம் என்ன ஆகிறது என்று பார்த்த ஆள் எங்களில் ஒருவர் இல்லை. இதை நினைத்தால் இப்போது சிரிப்பாகவும் இருக்கிறது, பொறுக்கவும் முடியவில்லை.

ஆனால் ஒருத்தி கேட்டாள். உனக்கு அப்போது ஆறு வயசு இருக்கும். என் தோளில் உட்கார்ந்திருந்தாய். நல்ல காற்று, தேயிலைச் செடியெல்லாம் சரசரக்கிறது, பூசாரி வேலாண்டி மாமா கையில் இருந்த சூடம் நாலு தரம் அணைந்துபோய் அவர் தீப்பெட்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நீ மேலேயிருந்து குனிந்து என் காதில், "அப்பா, காத்து இந்த அடி அடிக்குதே, அந்தப் பொகை மட்டும் ஏன் போக மாட்டேங்குது?" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் வேலாண்டி மாமா, "சாமிப் பொகைக்கு காத்து ஏதுடி? வாய மூடிக் கும்புடு" என்று ஒரு அதட்டுப் போட்டார். நீ கும்பிட்டாய். நானும் கும்பிட்டேன். கேள்வி அந்த வளைவிலேயே விழுந்து கிடந்தது. இப்போதுதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சரி, தலைமன்னாருக்கு வருகிறேன். உன் அம்மா ஹட்டன் ஸ்டேஷனோடு நின்றுவிட்டாள், உன்னோடு துறைமுகம் வரைக்கும் வந்தது நான் மட்டும். பெட்டிகளைத் திறந்து காட்டி, உன் பாஸ்போர்ட்டையும் மாப்பிள்ளை பாஸ்போர்ட்டையும் காட்டி, வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது. வழியனுப்ப வந்தவர்களைத் தடுக்கிற கயிற்றுக்கு நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று ஆன பிறகு நீ திரும்பினாய்.

"அப்பா, நம்ம சாமிப்பொகை அங்கயும் தெரியுமாப்பா?"

"தெரியும் போ. ஜோராத் தெரியும்."

"மலை இல்லாமயா?"

"அதெல்லாம் தெரியும்ங்கிறேன்ல. போ, மாப்பிள்ளை நிக்கிறாரு பாரு."

அவ்வளவுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. கப்பல் போன பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. மலைக்கு மேலே இருக்கிற புகை கடலுக்கு அப்பால் எப்படித் தெரியும்? நீ போய் ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் நின்று தேடுவாய், எனக்குத் தெரியும். ஒருநாள், இரண்டு நாள், ஒரு சிவராத்திரி. பிறகு அப்பா சும்மா சொல்லி அனுப்பிவிட்டார் என்று உனக்குத் தெரிந்துவிடும். இனி எப்போது உன்னைப் பார்ப்பேன் என்று தெரியாத இந்தக் காலத்தில், நம் பிரஜாவுரிமை விஷயம் இழுத்துக்கொண்டே கிடக்கிற இந்த நாளில், நான் உன்னிடம் கடைசியாகச் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது. எனக்கு அது ஒன்றே குறி.

திரும்புகிற ரயில் ராத்திரிதான். மணலில் போய் உட்கார்ந்தேன். இருட்டி வெகு நேரமாகிவிட்டது. நான் எந்த யோசனையும் இல்லாமல்தான் தெற்கே பார்த்தேன். பாக்கியம், அங்கே அது இருந்தது! சாமிப்புகை! கீழே மலை இல்லை, மரம் இல்லை, வெறும் கடல், கடலுக்கு மேலே அதே கையகலம், அதே வெள்ளை! நான் எழுந்து நின்று, "தெரியுது! தெரியுது!" என்று கத்தினேன். பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த ஒரு அம்மா எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். கப்பல் மட்டும் கூப்பிடு தூரத்தில் இருந்திருந்தால் நீந்தியே வந்து சொல்லியிருப்பேன், எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அப்போது மறந்தே போனேன். கையை நீட்டி, விரல்களைப் படுக்கையாக அடுக்கி, கடல் விளிம்பிலிருந்து புகை வரை எத்தனை விரல் என்று அளந்தேன். ஏன் அளந்தேன் என்று கேட்டால் காரணம் இல்லை. கவ்வாத்து வெட்டுகிற காலத்தில் செடியின் உயரத்தைக் கையால் அளந்து அளந்து வந்த பழக்கம். ஆறு விரல் வந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும்போதே சொல்லத் தொடங்கிவிட்டேன். உன் அம்மா அழுத முகத்தோடு இருந்தாள், எனக்கு அதைப் பார்க்கிற பொறுமைகூட இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அது கப்பப் பொகையா இருக்கும்."

"ஏ புள்ள, கப்பல் போயி எவ்வளவு நேரமாச்சு..."

"பொகை நிக்கும்ங்க. நம்ம அடுப்புப் பொகை நிக்கல? நீங்க அந்த லொறி மாதிரி எதையாச்சும் பாத்திருப்பீங்க."

லொறிக் கதையை உன் மாமியார் வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் என் நிலைமை அவர்களுக்குப் புரியாது. ரஷ்யாக்காரன் வானத்தில் ஒரு உருண்டையை விட்டான், அது நட்சத்திரம் மாதிரி ஓடுகிறது என்று எங்கள் தேயிலை ஃபாக்டரியை நடத்துகிற டீமேக்கர் வீட்டு ரேடியோவில் கேட்டுவிட்டு, நான் மூன்று லயத்தையும் எழுப்பி வளைவில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தா பாருங்க, அந்தா பாருங்க என்று காட்டினேன். ஒரு வெளிச்சம் மெல்ல நகர்ந்தது, நின்றது, மறைந்தது, மறுபடி வந்தது. சனம் கைதட்டியது. பிறகு அந்த வெளிச்சம் கியர் மாற்றிற்று. எதிர்மலை ரோட்டில் மரக்கறி ஏற்றிக்கொண்டு இறங்கிய லொறி. இருட்டில் மலை தெரியாது, ரோடு தெரியாது, விளக்கு மட்டும் வானத்தில் தெரியும், எங்கள் நாட்டில் இது யாருக்கும் வரக்கூடிய தப்புதான். ஆனாலும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடும்போதுகூட, "லொறி வந்தாச்சா?" என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா கேட்கும்படி ஆகிவிட்டது. உனக்குப் பதினாலு வயசு. நீ மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அடுத்த தடவ கொஞ்ச நேரம் பாத்துட்டு எழுப்புங்கப்பா" என்றாய். அதனால் இந்தத் தடவை யாரையும் எழுப்பவில்லை, தனியாகப் போனேன்.

அமாவாசை இருட்டு. இரட்டைக் கம்பளி, ஒரு போத்தல் தேத்தண்ணி. இருட்டினதும் பார்க்கிறேன், சாமிப்புகை இருக்கிறது, ஆனால் உச்சிக்கு மேலே இல்லை! மலைக்கு நன்றாக இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. சிவராத்திரிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது அல்லவா, நாம் இந்தக் காலத்தில் வந்து பார்த்ததே இல்லை. நின்றேன். அடிவாரத்திலிருந்து பனி எழும்பி நாலு தரம் மலையை மூடித் திறந்தது. ஒவ்வொரு தரமும் திறந்தபோது புகை அதே வடிவில் இருந்தது, காற்று அதைத் தொடவில்லை. ஆனால் இடம் மாறியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, சற்று இடப்பக்கம், பெரிய வெள்ளை நட்சத்திரம் ஒன்று உண்டே, நாம் அகத்தியர் என்போமே, அவரும் கூடவே வந்தார். கையை நீட்டி விரலை மடக்கிப் பிடித்தால், இருவருக்கும் நடுவே இரண்டு முட்டி அகலம். தலைமன்னாரிலும் அதே இரண்டு முட்டி, அதே பக்கம், அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கப்பல் புகை அகத்தியரைப் பிடித்துக்கொண்டு நடக்குமா? லயத்தில் கடைசி விளக்கு அணைகிற வரை நின்றேன். புகை நடந்தது, பாக்கியம். காற்றுக்காக நடக்கவில்லை, மற்ற நட்சத்திரங்களோடு சேர்ந்து, வரிசை கலையாமல் நடந்தது. அப்படியென்றால் அது மலையினுடையது இல்லை, வானத்தினுடையது. தேத்தண்ணி குடிக்கவே மறந்துபோய் போத்தல் சில்லிட்டுக் கிடந்தது.

வானத்தினுடையது என்றால் என்ன அது? அணைக்கட்டு வேலைக்காக வந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஃபாக்டரிக்கு, பக்கத்தில் கூடாரம் போட்டிருக்கிற சர்வே மாத்தயாவை, சிங்கள சர்வே ஐயாவை, உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு வந்து மூன்று தரம் வடை கேட்டுச் சாப்பிட்டாரே, அந்த சுனில் மாத்தயாதான். திசை பிடிக்க அவர்கள் சாயங்காலத்தில் நட்சத்திரத்தைப் பார்ப்பதுண்டு, மூன்று கால் போட்ட கருவியில். மறுநாள் வேலை விட்டதும் போய்க் கேட்டேன். எனக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன.

"மாத்தயா, மலைக்கு மேல நிக்குதே ஒரு பொகை..."

"பொகை இல்ல ஐயே, அது தரு. தரு நெறைய நெறைய." தரு என்றால் அவர்கள் பாஷையில் நட்சத்திரம்.

"எவ்வளவு?"

அவர் சிரித்தார். "உங்க தோட்டத்துல எத்தன தேயில எல இருக்கு? எண்ணிட்டு வாங்க, அப்புறம் சொல்றேன்."

இருட்டினதும் கருவியைத் திருப்பிக் காட்டினார். கண்ணை வைத்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு, அம்மாடி, ரவையைக் கறுப்புத் துணியில் கொட்டினாற்போல! எண்ண முடியாத பொடி, பொடிக்குப் பின்னால் இன்னும் பொடி, ஒரு மூலையில் பஞ்சுத் துண்டு மாதிரி ஒன்று. நாம் கும்பிட்டது எங்கே, இது எங்கே! நான் எழுந்திருக்கவே இல்லை, அவர்தான் தோளைத் தட்டி, "ஐயே, எனக்கும் வேல இருக்கு" என்றார். பிறகு ஒரு குச்சியை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கூட்டத்தின் வடிவத்தை மண்ணில் வரைந்து காட்டினார். நடுவில் நேராக ஒரு கட்டை. கட்டையின் நுனியிலிருந்து வளைந்து சுருண்டு போகிற ஒரு கை, மற்றப் பக்கத்துக் கை கலைந்துபோய்க் கிடக்கிறதாம். நான் பார்த்த உடனே, "இது நம்ம இலை உருட்டுற மெஷின் தட்டு" என்றேன். ஸ்டோரில் நான் நாள் முழுக்க நிற்கிற இடம் அதுதானே, தட்டின் மேலே வளைவு வளைவாய்ப் பித்தளைக் கட்டைகள், அதில் இலை சுருண்டு சுருண்டு போகும். அவர் வரைந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அப்படியே இருக்குது" என்று அவரும் சிரித்தார். நாம் இருக்கிற இந்தச் சூரியன், சந்திரன், பாற்கடல் மாதிரி ராத்திரியில் ஓடுகிற அந்த வெள்ளைப் பட்டை, எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கூட்டமாம். இது அதற்கு வெளியே, தனியாக, பக்கத்து வீடு மாதிரி இன்னொரு கூட்டமாம். பக்கத்து வீடு என்றால் எவ்வளவு பக்கம் என்று கேட்டேன். இன்றைக்கு நம் கண்ணில் படுகிற வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டு ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேலே ஆகிறதாம்! அப்போது தேயிலை ஏது, தோட்டம் ஏது, இந்த நாடு அந்த நாடு என்கிற பேச்சு ஏது! அவ்வளவு தூரம் நடந்து வந்த வெளிச்சத்துக்குத் தலைமன்னாருக்கும் மணப்பாறைக்கும் நடுவில் இருக்கிற தண்ணீர் ஒரு தடையா?

இருந்தாலும் அவரிடமே கேட்டேன், ஏனென்றால் இந்தத் தடவை அவசரப்படக் கூடாது. "மாத்தயா, இந்தியாவுல தெரியுமா?" அவர் கொஞ்சம் யோசித்தார். வடக்கே போகப் போக இது கீழே இறங்கும், ரொம்ப வடக்கே போனால் நிலத்துக்கு அடியிலேயே போய்விடும், டில்லியில் இருக்கிறவனுக்கு இது கண்ணிலேயே படாது என்றார். அகத்தியர் வடக்கேயிருந்து தெற்கே வந்தார் என்று கதை சொல்கிறோம், நாம் பிள்ளைகளைத் தெற்கேயிருந்து வடக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நீ எவ்வளவு வடக்கே போயிருக்கிறாய்? அது தெரிந்தாக வேண்டுமே.

அப்போதுதான் அந்த ஆறு விரல் ஞாபகம் வந்தது. தலைமன்னாரில் ஆறு. இங்கே எத்தனை? இங்கே கடல் விளிம்பு இல்லை, எங்கே பார்த்தாலும் மலை, எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவது? சிறிய விஷயம், ஆனால் என்னை ஒரு பகல் முழுக்க ஆட்டிவைத்தது, இலையைத் தட்டில் போட மறந்து டீமேக்கரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். கடைசியில் தேத்தண்ணிப் போத்தலைப் பார்த்தேன். கண்ணாடிப் போத்தலில் பாதி தண்ணீர் ஊற்றி வேலிக்கட்டை மேலே வைத்தால், தண்ணீரின் மட்டம் எப்போதும் நேர்மட்டம்தானே! வெளிச்சம் இருக்கும்போதே கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி எதிரே பார்த்தேன். எதிர்மலையில் ஒரு வெள்ளைப் பாறை அந்த மட்டத்தில் வந்தது. கடல் இருந்திருந்தால் அதன் விளிம்பு அந்தப் பாறையில்தான் இருந்திருக்கும். இருட்டும் வரை காத்திருந்து, புகை அதன் முழு உயரத்துக்கு ஏறியதும், பாறை இருந்த இடத்திலிருந்து விரலை அடுக்கினேன். ஏழு! மறுபடி அடுக்கினேன், ஏழு. வலக்கையில் ஏழு, இடக்கையிலும் ஏழு. இங்கிருந்து தலைமன்னாருக்குப் போனால் ஒரு விரல் இறங்குகிறது. சுனில் மாத்தயாவின் வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். தலைமன்னாரிலிருந்து மணப்பாறை, ஏறத்தாழ அதே அளவு இன்னும் வடக்கே, கொஞ்சம் குறைச்சல்தான். அப்படியென்றால் இன்னொரு விரல். ஐந்து விரல், பாக்கியம்! உன் ஊரில் அது நிலத்துக்கு மேலே ஐந்து விரல் உயரத்தில் நிற்க வேண்டும்! எங்களைப் போல உனக்கு மலையும் இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை!

வேலாண்டி மாமாவுக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. கோயிலடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா லொறி, பொகை இல்லேன்னு சொல்லிட்டுத் திரியிறியாமே? அப்ப சிவராத்திரிக்கு நான் வளைவுல எதுக்குத் தேங்கா ஒடைக்கணும்?" என்றார். நான், "மாமா, அது ஒரு கர்ப்பூரம்னு நெனச்சோம், இப்ப கோடி கர்ப்பூரம்னு தெரியுது, நீங்க ரெண்டு தேங்காயா ஒடைங்க" என்றேன். அவர் முறைத்துக்கொண்டே போனார். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, "அந்தக் கருவிய நமக்கும் காட்டுவானா அந்த ஆளு?" என்றார்.

உன் அம்மாவுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் என் அளவுகளையெல்லாம் கேட்டுவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, "அது பொகை இல்லேன்னா, நான் ஏழு வருஷம் யாரக் கும்புட்டு இவளப் பெத்தேன்?" என்று கேட்டாள். போத்தலும் விரலும் அந்த இடத்துக்கு எட்டாது. நீ போன நாளிலிருந்து அவள் வளைவுப் பக்கமே போகவில்லை, தண்ணீருக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போகிறாள். கடைசியில் நான் ஒன்றே ஒன்றைச் சொன்னேன். "நீ யாரக் கும்புட்டியோ, அத அவளும் அங்கயிருந்து பாக்கலாம்."

அவள் ரொட்டியை அப்படியே விட்டுவிட்டாள். "சத்தியமா?"

"சத்தியமா."

"லொறி இல்லையே?"

"லொறி இல்ல புள்ள."

அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு, என் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தாள். வளைவில் நின்று முதலில் கும்பிட்டாள், ரொம்ப நேரம். பிறகு என்னைப் பார்க்காமலே, "எப்படி அளக்கணும்?" என்றாள். காட்டினேன். கொழுந்து பறித்துக் கறுத்த அந்த விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். அவளுக்கும் ஏழுதான் வந்தது, அவள் கை என் கையை விடச் சின்னது, ஆனால் விரலும் அதே அளவுக்குச் சின்னதுதானே, கணக்கு சரியாக வருகிறது. திரும்பி வரும்போது சொன்னாள்: "அவளுக்கு எழுதுங்க. மொதல்ல கும்புடச் சொல்லுங்க, அப்புறமா அளக்கச் சொல்லுங்க." ரொட்டி கருகிப்போயிருந்தது. இரண்டு பேரும் அதைத் தின்றோம்.

ஒரு தகப்பன் கல்யாணமாகிப் போன மகளுக்குப் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். மாமியாருக்கு அடங்கி நட, அடுப்பைத் துடைத்து வை என்றெல்லாம் உன் அம்மா ஹட்டன் ஸ்டேஷனிலேயே சொல்லிவிட்டாள், அவள் சொன்னதில் நான் கை வைக்க மாட்டேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். எதையும் கும்பிட்டவுடனே ஓடிவிடாதே, கொஞ்ச நேரம் நின்று பார். அங்கே உன்னைச் சிலோன்காரி என்பார்கள், உன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள், அதற்கும் இதுதான். உடனே கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடாதே, நின்று பார், சிரித்தவர்களில் யார் மறுநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட வருகிறார்கள் என்று பார். காற்றடித்தும் ஏன் புகை போகவில்லை என்று ஆறு வயசில் கேட்டாயே, அந்த வாயை யார் அதட்டினாலும் மூடாதே. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது உன் தோளில் உட்கார்ந்து எதையாவது கேட்டால், தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடாதே. அப்படிச் சொல்லிவிட்டால், என்னைப் போலப் போய் நின்று கண்டுபிடி.

வளர்பிறை நிலா வந்துவிட்டது, இனிக் கொஞ்ச நாளைக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. சிவராத்திரிக்கு மறுபடி நல்ல இருட்டாக இருக்கும். அன்றைக்கு நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இந்த இடத்தை எல்லோருக்கும் இரண்டு தரம் வாசி. உன் மாமியார், மாமனார், மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கோயிலுக்குப் புறப்பட்ட சனம், உன்னைச் சிலோன்காரி என்று சொன்னவள் உட்பட யாரையும் விடாதே, எல்லோரையும் ஏரிக்கரைக்கோ வெட்டவெளிக்கோ கூட்டிக்கொண்டு போ. நன்றாக இருட்டி, மேற்கே கடைசி வெளிச்சமும் போகட்டும். தெற்கே பார்த்து நில். அகத்தியரைக் கண்டுபிடி. அவரிடமிருந்து கீழே, சற்று வலப்பக்கமாக இரண்டு முட்டி இறங்கு. நேராக முறைக்காதே, பக்கத்தில் பார்ப்பது போல் பார், அப்போதுதான் பிடிபடும். அங்கே மங்கலாக இருக்கும். அம்மா சொன்னபடி முதலில் கும்பிடு. பிறகு கையை முழுக்க நீட்டி நிலத்திலிருந்து விரலை அடுக்கு. அதே நேரத்தில் நாங்கள் வளைவில் நிற்போம், நான், அம்மா, வேலாண்டி மாமா, மூன்று லயமும். கடலைத் தாண்டினாலும் மணி மாறவில்லையாம், சுனில் மாத்தயா சொன்னார், உன் ஊர்க் கடிகாரமும் எங்கள் ஸ்டோர்க் கடிகாரமும் ஒன்றுதான்.

எண்ணை எனக்கு எழுது. ஐந்து என்று நான் சொல்லிவிட்டேனே என்பதற்காக ஐந்து என்று எழுதாதே. நாலு வந்தால் நாலு, ஆறு வந்தால் ஆறு, ஒன்றுமே தெரியவில்லை என்றால் அதையும் எழுது, அப்பாவுக்காக மாற்றாதே. உன்னோடு நின்றவர்கள் ஒவ்வொருவரும் அளந்ததையும் அவரவர் பேரோடு எழுது. ஹட்டனிலிருந்து ரயில், பிறகு இன்னொரு ரயில், கப்பல், முகாம், மறுபடி ரயில், மாட்டு வண்டி என்று உன்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள் என்று உன் அம்மா தினமும் அழுகிறாள். என் கணக்குப்படி நீ எங்களை விட்டுப் போயிருப்பது இரண்டே இரண்டு விரல் தூரம், பாக்கியம். சரிதானா என்று அளந்து பார்த்து எழுது.